புகைபோக்கி இல்லாத வீடு: பேலீஃப்

இங்கிலாந்தின் சசெக்ஸ் பக்கம் போகிறவர்கள் பெரும்பாலும் கடற்கரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நான் சிசெஸ்டரில் இறங்கி, 60ஆம் எண் பேருந்தைப் பிடித்து சிங்கிள்டன் கிராமத்துக்குப் போனேன். அங்கே வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் அருங்காட்சியகத்தில் பழைய கிராமத்து வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். அதில் பேலீஃப் என்ற பண்ணை வீட்டுக்காகத்தான் இந்தப் பயணம்.

இதன் சொந்த ஊர் கென்ட் மாவட்டத்தின் சிடிங்ஸ்டோன். 1960களின் கடைசியில் பவ் பீச் நீர்த்தேக்கம் கட்டும் வேலை வந்தபோது வீடு இருந்த இடத்தைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. ஒவ்வொரு மரமாகக் கழற்றி எடுத்துவந்து இங்கே பூட்டினார்கள். ஓக் மரச் சட்டத்தில் துளையும் நாக்குமாகப் பொருத்தி மரமுளை அடித்த வீடு என்பதால் இது சுலபமாக முடிந்தது. செங்கல் வீடாக இருந்திருந்தால் இவ்வளவு சுலபமாக இருந்திருக்காது.

வீட்டின் பெரும்பகுதி 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. மேல்மாடி அறை உள்ள ஒரு பக்கம் மட்டும் சுமார் நூறு வருடம் கழித்து வந்தது. முன்னால் நின்று பார்த்தால் இரண்டு ஓரங்களிலும் மாடி வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது, நடுக்கூடம் உள்ளே தள்ளியிருக்கிறது. ஆனால் மேலே ஒரே கூரை. நடுவில் தொங்கலாக நிற்கும் கூரை விளிம்பை வளைந்த மரங்கள் தாங்குகின்றன.

உள்ளே போனால்தான் விஷயமே. கூடத்துக்கு மச்சு கிடையாது, தரையிலிருந்து ஓடு வரை ஒரே வெளி. தரை நடுவே அடுப்பு, அதில் விறகு எரிகிறது. புகைபோக்கி இல்லை. புகை தானாக மேலே ஏறி, கூரையில் கிடைத்த இடுக்கு வழியாக வெளியேறுகிறது. நிமிர்ந்து பார்த்தால் உத்திரமெல்லாம் எங்கள் பாட்டி வீட்டு அடுப்படி மாதிரி கரிபிடித்துக் கிடக்கிறது. மாடி ஏன் ஓரங்களில் மட்டும் என்பதற்கும் இதுதான் பதில்: அடுப்புக்கு மேலே அறை கட்டினால் யார் தூங்குவது?

ஜன்னல்களில் கண்ணாடி இல்லை. நெருக்கமாக நட்ட மரக்கம்பிகள், உட்புறம் மரக்கதவு. குளிருக்குக் கதவைச் சாத்தினால் வெளிச்சம் போய்விடும். வசதியான விவசாயக் குடும்பத்துக்கே இந்த நிலைமை என்றால் கூலிக்காரர் வீடு எப்படி இருந்திருக்கும்?

ஒரு குறை சொல்ல வேண்டும். பின்னாளில் இந்த வீட்டுக்கும் புகைபோக்கி வந்தது, கூடத்துக்கு மேல் தளமும் போட்டார்கள். மறுபடி கட்டியபோது அதையெல்லாம் நீக்கி, 1540 வாக்கில் இருந்த தோற்றத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அப்படிச் செய்ததால்தான் அந்த உயரமான கூடம் நமக்குக் காணக் கிடைக்கிறது. சரிதான். இருந்தாலும் அதற்குப்பின் அங்கே குடியிருந்தவர்களின் சுவடு போய்விட்டதே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

அப்புறம், மாடி அறையை விட்டுவிடாதீர்கள். சுவரை ஒட்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சின்னத் தடுப்புதான் கழிப்பறை: பலகையில் ஓட்டை, நேரே கீழே விழ வேண்டியதுதான். அதன் அடியில் யாரும் நடந்து போகாதபடி வீட்டுக்காரர் ஏதாவது ஏற்பாடு செய்திருப்பார் என்று நம்புகிறேன்.