வூர்ட்ஸ்பூர்க்: அழகான பாட்டில், ஆனால் ஒரே ஒரு தடவைக்கு

நேற்று இரவுதான் ஜெர்மனியிலிருந்து வீடு வந்து சேர்ந்தேன். பெட்டியைக்கூட இன்னும் முழுசாகப் பிரிக்கவில்லை. எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதுவதாகத்தான் நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். ஆனால் மனசில் நிற்பது ஒரு பாட்டில். அதைப் பற்றி எழுதி முடித்தால்தான் மற்றது வரும்.

அதற்கும் முன்னால் அந்த பஸ்ஸைச் சொல்லியாக வேண்டும். பிராங்க்ஃபர்ட்டிலிருந்து வூர்ட்ஸ்பூர்க்குக்கு அதிவேக ரயிலில் போனால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அந்த டிக்கெட்டைக் கடைசி நேரத்தில் எடுத்தால் பர்ஸ் தாங்காது. அதனால் உள்ளூர் ரயில்களுக்கான மாதச் சீட்டை வைத்துக்கொண்டு மெதுவான வண்டியில் ஏறினேன். பாதி வழியில் ஓர் அறிவிப்பு. தண்டவாள வேலையாம், எல்லோரும் இறங்கி பஸ்ஸில் போக வேண்டுமாம். ஒரு ரயில் கூட்டத்துக்கு வந்து நின்றது ஒரே ஒரு பஸ். பெட்டி வைக்கும் அறையைத் திறக்கவே ஓட்டுநர் இறங்கவில்லை. ஏசி கிடையாது, ஜன்னலும் திறக்காது. வளைவுக்கு வளைவு நின்றபடியே வந்தேன். பக்கத்தில் ஓர் அம்மா ஆறு ஒயின் பாட்டில் கொண்ட அட்டைப்பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தார். பஸ் குலுங்கும்போதெல்லாம் உள்ளே கண்ணாடி முட்டும் சத்தம். பணம் வாங்கிக்கொண்டு மனிதர்களை இப்படி ஏற்றிக்கொண்டு போவது அநியாயம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

ஆனால் ஊர் வந்ததும் தலையைத் தூக்கிப் பார்த்தேன். ரயில் நிலையத்துக்கு நேர் மேலே மலைச்சரிவு முழுக்க திராட்சைக் கொடி. அதுதான் ஷ்டைன் தோட்டம். சுண்ணாம்புப் பாறை மண், தெற்குப் பார்த்த சரிவு. ஜெர்மனியிலேயே பேர்போன திராட்சைத் தோட்டங்களில் ஒன்று. இறங்கின இடத்திலிருந்தே கண்ணுக்குத் தெரிகிறது.

பெட்டியை ஹாஸ்டலில் போட்டுவிட்டு நேராகப் பழைய மைன் பாலத்துக்குப் போனேன். ஆற்றின் குறுக்கே கல் பாலம், இரண்டு பக்கமும் புனிதர்களின் சிலைகள், எதிரே குன்றின் மேல் மரியன்பெர்க் கோட்டை. சாயங்காலம் ஆனால் ஊரே அங்கே கையில் ஒயின் கிளாஸோடு நிற்கிறது. பாலத்தின் ஓரத்துக் கடையில் ஒயினுக்குக் காசு, கிளாஸுக்குத் தனியாக டெபாசிட். குடித்து முடித்து கிளாஸைத் திருப்பிக் கொடுத்தால் டெபாசிட் கைக்கு வந்துவிடும். பிளாஸ்டிக் கோப்பை ஒன்றுகூட அங்கே என் கண்ணில் படவில்லை. இவ்வளவு கூட்டம் நிற்கும் இடத்தில் தரை சுத்தமாக இருக்கிறது. இந்த ஏற்பாட்டை மனசாரப் பாராட்டுகிறேன்.

குடித்தது சில்வானர். இந்த வட்டாரத்தின் திராட்சை வகை அது, 1659-லேயே பக்கத்திலுள்ள காஸ்டெல் ஊரில் நட்டதற்குப் பதிவு இருக்கிறது. இனிப்பே இல்லை, நாக்கில் லேசாகக் கல் வாசனை. கூடவே மேஃபிஷ்லி. ஆற்று மீன், பொடி மீன். மாவில் புரட்டி எண்ணெயில் பொரித்து, தலையோடு வாலோடு அப்படியே கடித்துச் சாப்பிட வேண்டும். நம்ம நெத்திலி வறுவலேதான், மிளகாய்த்தூள் மட்டும் இல்லை. பாலத்தில் நிற்கும் புனித கிலியானின் சுண்டுவிரலைவிட மீன் நீளமாக இருக்கக் கூடாது என்பது இந்த ஊர்ப் பேச்சு. சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போய் அந்தச் சிலையின் விரலை அண்ணாந்து பார்த்தேன். பயணத்தில் நான் சாப்பிட்டதிலேயே இதுதான் நம்பர் ஒன். விலை கொஞ்சம் கடித்தது, அதனால் மறுநாள் காலையும் மதியமும் பேக்கரி ரொட்டியோடு முடித்துக்கொண்டேன். பரவாயில்லை, கொடுத்த காசு வீண் போகவில்லை.

இனி பாட்டில். பெயர் போக்ஸ்பாய்ட்டல். நாம் பார்த்துப் பழகிய ஒயின் பாட்டில் ஒன்று பிரான்ஸின் போர்தோ மாதிரி தோள் நிமிர்ந்து இருக்கும், அல்லது பர்கண்டி மாதிரி தோள் சரிந்து இருக்கும். ஜெர்மனியின் ரைன், மோசல் பக்கத்தில் ஒல்லியாக நெடுநெடுவென்று வளர்ந்திருக்கும். இது எதிலும் சேராது. முன்னும் பின்னும் தட்டை, பக்கவாட்டில் வட்ட வயிறு, குட்டைக் கழுத்து. உள்ளங்கையை விரித்தால் அந்தத் தட்டைப் பக்கம் பாந்தமாக உட்காருகிறது. கீழே படுக்க வைத்தால் உருளாது. ஒயின் கடை ஒன்றில் கால் லிட்டர் குட்டியிலிருந்து ஒன்றரை லிட்டர் மேக்னம் வரை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை. மேக்னத்தின் விலையைப் பார்த்துவிட்டு 0.75 லிட்டரோடு நிறுத்திக்கொண்டேன். பெரிய பாட்டிலில் ஒயின் மெதுவாக முதிரும் என்பது உண்மைதான், உள்ளே இருக்கும் ஒயினின் அளவுக்கு அதைத் தொடும் காற்று குறைவு. ஆனால் பத்து வருஷம் பாதுகாத்து வைக்க என்னிடம் நிலவறை இல்லையே!

இந்த வடிவத்துக்கு இவர்கள் கொடுக்கும் மரியாதை சாதாரணமானது இல்லை. 1720-களில் ஷ்டைன் தோட்டத்தின் பெயரைச் சொல்லிப் போலி ஒயின் விற்றிருக்கிறார்கள். அதைத் தடுக்க, நகர மன்றம் அசல் சரக்கை இந்தத் தட்டை பாட்டிலில் ஊற்றி முத்திரை வைத்து விற்கச் சொன்னது. அதே மாதிரி பாட்டிலில் இத்தாலியின் தெற்கு டிரோல் ஒயின் ஜெர்மனிக்குள் வந்தபோது வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. அவர்களும் பரம்பரையாக இதே வடிவத்தைப் பயன்படுத்துகிறவர்கள்தான், அவர்களைத் தடுக்க முடியாது என்று 1984-ல் தீர்ப்பு. இன்றைக்கும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி குறிப்பிட்ட சில வட்டாரங்களைத் தவிர வேறு யாரும் இந்த பாட்டிலில் ஒயின் அடைக்க முடியாது. 2015-ல் ஹாம்பர்க் வடிவமைப்பாளர் பீட்டர் ஷ்மிட் இதற்குப் புது உருவம் ஒன்று கொடுத்தார், விளிம்பு கொஞ்சம் கூர்மையாக. எனக்குப் பழசுதான் பிடிக்கிறது.

பூர்கர்ஷ்பிட்டால் என்ற அறக்கட்டளையின் நிலவறையில் 1540-ஆம் வருஷத்து விளைச்சல் ஒயின் ஒரு பாட்டில் இன்னும் இருக்கிறது. ஐரோப்பாவில் கடும் வறட்சி அடித்த வருஷம் அது. கிட்டத்தட்ட ஐந்நூறு வருஷத்துத் திராட்சைச் சாறு ஒரு கண்ணாடிக்குள் இருக்கிறது! கண்ணாடி அவ்வளவு நாள் உழைக்கக்கூடிய பொருள்.

அதனால்தான் மறுநாள் சூப்பர்மார்க்கெட்டில் பார்த்தது என்னை உறுத்தியது. பாட்டில் வாங்கும் இயந்திரத்துக்கு முன்னால் நீளமான வரிசை. ஜெர்மனியில் தண்ணீர் பாட்டில், பீர் பாட்டில், கேன் எல்லாவற்றுக்கும் டெபாசிட் உண்டு. சாதாரண பீர் பாட்டிலுக்கு 8 சென்ட், ஒரு தடவை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக்குக்கும் கேனுக்கும் 25 சென்ட். என் தண்ணீர் பாட்டில்களைப் போட்டு ரசீது வாங்கினதில் ஒரு வேளை ரொட்டிக்குக் காசு தேறியது. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் பீர் பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தார். இயந்திரம் ஒவ்வொன்றையும் சுழற்றிப் பார்த்து உள்ளே இழுத்துக்கொண்டது. கடைசியாகப் பையில் இருந்தது ஒரு போக்ஸ்பாய்ட்டல். அதை அவர் இயந்திரத்தில் வைக்கவே இல்லை. வெளியே போய்த் தெருமுனைக் கண்ணாடித் தொட்டியில் பச்சைக் கண்ணாடிக்கான ஓட்டையில் போட்டார். உள்ளே விழுந்து உடைந்த சத்தம் கேட்டது.

ஒயினுக்குச் சட்டப்படி டெபாசிட் கிடையாது. பீர் பாட்டில் கழுவப்பட்டு ஐம்பது தடவை வரைகூடத் திரும்ப வரலாம். நீதிமன்றம் வரை போய்க் காக்கப் பார்த்த இந்த பாட்டில் ஒரு தடவையிலேயே சில்லாகிறது. தொட்டியில் போட்டால் மறுசுழற்சி ஆகிறதே என்பார்கள். ஆகிறது, நல்லதுதான். ஆனால் அந்தச் சில்லை மறுபடி பாட்டிலாக்க உலையை 1,500 டிகிரிக்குக் கொதிக்க வைக்க வேண்டும். கழுவுவதற்கு 80 டிகிரி வெந்நீர் போதும். ஒயினால் சூழலுக்கு ஏற்படும் கார்பன் சுமையில் பெரும் பங்கு இந்தக் கண்ணாடியால்தான் வருகிறது, திராட்சையால் அல்ல.

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஷாம்பெயின் பாட்டில் கனமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது, உள்ளே ஆறு வளிமண்டல அழுத்தம். அந்த பாட்டிலையே 2010-ல் 900 கிராமிலிருந்து 835 கிராமுக்குக் குறைத்தார்கள். நுரைக்காத ஒயினுக்கு அப்படி ஒரு தேவையும் இல்லை. 2023-ல் பெரிய சில்லறை விற்பனையாளர்கள் சிலர் சேர்ந்து, தாங்கள் விற்கும் 0.75 லிட்டர் பாட்டிலின் சராசரி எடையை 2026 முடிவதற்குள் 420 கிராமுக்குக் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டார்கள். கனமான பாட்டில் என்றால் உயர்ந்த ஒயின் என்று நினைக்க வைப்பது வெறும் பகட்டு. அதைக் காசு கொடுத்து வாங்குவதும் பெட்டியில் போட்டுச் சுமப்பதும் நாம்தான்.

ஊருக்கு வெளியே சின்னத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெண்மணியிடம் கேட்டேன், ஏன் இதைத் திரும்ப வாங்கிக் கழுவக் கூடாது என்று. அவர் கோபப்படவில்லை. தட்டை வடிவத்துக்குப் பெட்டியே தனி, நிரப்பும் இயந்திரத்திலும் தனி ஏற்பாடு, கழுவும் ஆலைக்கு ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி பாட்டில் வந்தால்தான் கட்டுப்படியாகும், லேபிள் பசை வேறு லேசில் உரியாது என்று பொறுமையாகச் சொன்னார். எல்லாம் நியாயம்தான். ஆனாலும் நான் விடவில்லை. ஒரே வட்டாரம், ஒரே வடிவம், வேறு யாரும் நகலெடுக்க முடியாத சட்டம். பாட்டிலைத் திரும்ப எடுக்க இதைவிடத் தோதான இடம் எங்கே இருக்கிறது? பக்கத்து வூர்ட்டம்பெர்கில் கூட்டுறவுத் தோட்டக்காரர்கள் லிட்டர் பாட்டிலைப் பல காலமாகத் திரும்ப எடுத்துக் கழுவிப் பயன்படுத்துகிறார்கள். இப்போது 0.75 லிட்டருக்கும் ஆரம்பித்திருக்கிறார்கள். இவர்களாலும் முடியும்.

நம் நீலகிரியில் 2022 மே மாதம் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் திருப்பித் தரும் முறை வந்தது. காட்டில் உடைந்து கிடக்கும் சில்லு யானையின் காலைக் கிழிக்கிறது என்பதால் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு வந்த ஏற்பாடு. பத்து ரூபாய் என்றதும் மனிதர்கள் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வூர்ட்ஸ்பூர்க் இருக்கும் வசதியான பிராங்கோனியா வட்டாரத்தில் அதைச் செய்ய முடியாது என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

செலவு விவரம் கேட்டவர்களுக்கு: உள்ளூர் ரயில் மாதச் சீட்டு 2025-ல் 58 யூரோ, 2026 ஜனவரியிலிருந்து 63. அது சந்தா முறை, மறக்காமல் ரத்து செய்யுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதமும் பணம் பிடிப்பார்கள். கிளம்பும் முன்பு தண்டவாள வேலை இருக்கிறதா என்று செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே தண்ணீரும் ரொட்டியும் வாங்கி வைத்துவிடுங்கள். கண்ணாடித் தொட்டியிலும் ஞாயிறு அன்று பாட்டில் போடக் கூடாது, சத்தம் வரும் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். தோட்டத்துக்கே போய் ஒயின் வாங்கினால், காலி பாட்டிலைத் திரும்ப எடுப்பீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.