பீனியல் சுரப்பியை அளப்பது யார்?

மூளையின் நடுவில், சற்றுப் பின்பக்கமாக, சுமார் 5 முதல் 8 மில்லிமீட்டர் நீளத்தில் இருக்கிறது பீனியல் சுரப்பி. இரவில் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோனைச் சுரப்பது இதன் வேலை. வயது ஏற ஏற பலருக்கும் இதில் கால்சியம் படிகிறது. சிடி ஸ்கேனில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். அந்தக் காலத்து எக்ஸ்ரேயில் இந்தப் புள்ளி ஒரு பக்கமாக நகர்ந்திருந்தால், உள்ளே ஏதோ மூளையைத் தள்ளுகிறது என்று டாக்டர்கள் சந்தேகப்படுவார்களாம்!

எம்ஆர்ஐயில்தான் சிக்கல். கால்சியம் பெரும்பாலும் கறுத்துப்போகும். நீர்க்கட்டி வேறு இருந்துவிட்டால், எல்லை எது என்றே பிடிபடாது. இரண்டு நிபுணர்கள் கையால் வரைந்தால் இரண்டு அளவு வரும். 2015-இல் வந்த யூ-நெட் போன்ற, ஸ்கேன் படத்தில் எல்லையைத் தானே வரையும் இயந்திரக் கற்றல் முறைகள் இங்கே கைகொடுக்கின்றன. எத்தனை ஸ்கேன் வந்தாலும் ஒரே அளவுகோல். சரி, அதற்குப் பாடம் எடுப்பது எது? அதே நிபுணர்கள் வரைந்த கோடுகள்தான். சுரப்பி சுருங்கியதா, கால்சியம் கூடியதா என்று பிரித்துச் சொல்லாத மென்பொருளை நான் நம்பமாட்டேன்.