ஒரு வெள்ளி சீட்டும் 312-ஆம் பிரிவும்

மலேசியாவில் எங்கள் தோட்டத்து லயத்தில் கேட்டால், கருவைக் கலைப்பது குற்றம், அரசாங்க ஆஸ்பத்திரியில் வாயே திறக்காதே என்றுதான் சொல்வார்கள். மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு தூக்கம் போய், பிள்ளையைத் தூக்கவே கை நடுங்கி, கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்க சுகாதார கிளினிக்) மனநல மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், அந்த நேரம் பார்த்து மறுபடியும் நாள் தள்ளிப்போனது.

முதலில் டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் விசாரித்தேன். ரொக்கம்தான், ரசீது கிடையாது. கேட்ட தொகையோ செம்பனை வெட்டும் என் வீட்டுக்காரரின் ஒரு மாதச் சம்பளம். பக்கத்து வீட்டு அக்கா போனில் மாத்திரை விற்பவனைக் காட்டினார். பதிவில்லாத மாத்திரை, உள்ளே என்ன இருக்குமோ, வேண்டாம் என்றுவிட்டேன்.

மருந்து கொடுக்கும் டாக்டரம்மாவிடம் போய் அழுதபோதுதான் விஷயம் தெரிந்தது. தண்டனைச் சட்டம் 312-ஆம் பிரிவை 1989-லேயே திருத்திவிட்டார்களாம். கர்ப்பம் தொடர்ந்தால் தாயின் உயிருக்கோ, உடல் நலத்துக்கோ, மன நலத்துக்கோ வரும் ஆபத்து கலைப்பதைவிட அதிகம் என்று பதிவு பெற்ற டாக்டர் நல்லெண்ணத்தோடு கருதினால் கலைக்கலாம். சுகாதார அமைச்சு 2012-ல் அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு வழிகாட்டியும் போட்டிருக்கிறது. கையில் காசில்லை, பிள்ளைகள் போதும் என்பதெல்லாம் அந்தப் பிரிவில் காரணமாக இல்லை, அதையும் அவரே சொன்னார்.

அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால், கவுண்டர் மிஸ்ஸி (நர்ஸ்), வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி "நா புவாங் கெ?" (வீசணுமா?) என்கிறார். குப்பையைக் கொட்ட வந்தவளைக் கேட்பதுபோல! உள்ளே இருந்த இளம் டாக்டர் கடிதத்தைப் பிரிக்காமலேயே சட்டத்தில் இடமில்லை, வீட்டுக்குப் போங்கள் என்றார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஸ்பெஷலிஸ்ட் பார்த்துச் சொல்லட்டும், மாட்டேன் என்றால் எழுதிக் கொடுங்கள் என்று எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். அப்புறம்தான் ஸ்பெஷலிஸ்ட் வந்தார், மனநல டாக்டரும் பார்த்தார், சரி என்றார்கள். வீட்டுக்காரரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். சட்டப் பிரிவில் புருஷனைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, இருந்தாலும் தகராறு பண்ணத் தெம்பில்லை.

கிளினிக்கில் சீட்டு 1 வெள்ளி (ரிங்கிட்), மூன்றாம் வகுப்பு வார்டு நாளுக்கு 3 வெள்ளி. கார் வாடகையும் வீட்டுக்காரர் வெட்டுக்குப் போகாத நாள் கூலியும்தான் எங்களைக் கடனில் தள்ளியது. இந்தக் குறைந்த கட்டணமும் ஐசி (அடையாள அட்டை) இருப்பதால்தான். பக்கத்து லயத்து இந்தோனேசியப் பெண்ணுக்கு இதே நிலைமை வந்தால், வெளிநாட்டவர் கட்டணம், படுக்கைக்கு முன்பணம் என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும்.