குசினியில் நின்று கேட்பவர்

1996 மார்ச் 17. கிளிநொச்சிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் சைக்கிள் ஒன்று தலைகீழாக நின்றது. வன்னிக்குள் பற்றறி கொண்டுவரத் தடை, மின்சாரமும் இல்லை. பெடலைக் கையால் சுற்றினால் டைனமோ ஓடும். டைனமோ ஓடினால் ரேடியோ பேசும். லாகூரில் உலகக்கிண்ண இறுதிப்போட்டி. சுற்றுகிற வேலை ஒன்பது வயதான எனக்கு.

ஆங்கில வர்ணனையைக் கேட்டு மாமா தமிழில் சொன்னார். அவுஸ்திரேலியாவின் 241 ஓட்டங்களை இலங்கை துரத்திக்கொண்டிருந்தது. கை சோர்ந்தால் குரல் தேயும். "சுத்தடா, அரவிந்த அடிக்கிறான்!" என்று முற்றமே கத்தும். அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107. ஒரு பந்தைக்கூட நான் பார்க்கவில்லை. ஆனாலும் அந்த ஆட்டம் இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. மாமாவைப்போலப் பேசவேண்டும் என்ற ஆசை அன்றிரவு வந்ததுதான்.

போர் முடிந்து மீள்குடியேறியபின் ஊர்க் கழகங்கள் கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டிகளைத் திரும்பத் தொடங்கின. ஜெனரேட்டர் வெளிச்சத்தில் மைக்கைப் பிடித்தேன். ஒருநாள் நன்றாக அடித்த பெடியன் ஒருவனின் பெயரைப் பிழையாகச் சொல்லிவிட்டேன். ஆட்டம் முடிந்ததும் அவனுடைய தாய் வந்தார். நான் சொன்னது காணாமல்போன மூத்தவனின் பெயர். "பரவாயில்லைத் தம்பி, கிரவுண்டிலை அந்தப் பேரைக் கேட்டு எவ்வளவு காலம்" என்றார். அன்றிலிருந்து ஆட்டத்துக்கு முன் ஒவ்வொருவரிடமும் போய்ப் பெயரை அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். சர்வதேசப் போட்டி என்றாலும் இதில் மாற்றமில்லை. நேரில் கேட்க முடியாவிட்டால் அந்த வீரர் பேசிய பேட்டியைத் தேடிக் கேட்பேன்.

அப்புறம் வானொலியில் சில வருடங்கள், பிறகு கொழும்பில் தொலைக்காட்சி. முதல் நேரலை ஓர் உதைபந்தாட்டம். நாங்கள் மைதானத்தில் இல்லை, கலையகத்தில் திரையைப் பார்த்தே வர்ணனை. பந்து போகும் இடமெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். "படத்திலே தெரியுது, ஏன் சொல்லுறீர்?" என்று ஹெட்போனில் தயாரிப்பாளரின் குரல் வந்தது. அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் வாய் கேட்கவில்லை.

ஒலியை நிறுத்திவிட்டுப் பழைய ஆட்டங்களைப் போட்டுப் பழகினேன். அதிகம் பார்த்தது 2018இல் சிங்கப்பூரில் இலங்கை 69-50 என வென்ற ஆசிய வலைப்பந்தாட்ட இறுதிப்போட்டியை. 2.08 மீற்றர் உயரமான தர்ஜினி சிவலிங்கத்தின் கைக்குள் பந்து இறங்கும்போது சொல்வதற்கு ஒன்றுமே இல்லை, பேசாமல் இருக்கவேண்டும். அதற்கு முன் பந்தை வைத்திருந்தவர் மூன்று செக்கனுக்குள் எந்த இடைவெளியைக் கண்டு எறிந்தார் என்பதைத்தான் வர்ணனையாளர் சொல்லவேண்டும். இதைப் பழக எனக்கு ஒரு வருடம் எடுத்தது.

சரி, வந்துவிட்டது என்று நினைத்த நாளில் ஊரிலிருந்து அம்மா போன் எடுத்தார். "என்னடா, பேசாமலே இருக்கிறாய்? நான் குசினிக்குள்ளை நிண்டனான், ஆர் அடிச்சதெண்டே தெரியேல்லை."

இப்போது பந்து வெளியே போனதும் எத்தனைக்கு எத்தனை, இன்னும் எவ்வளவு நேரம், யார் எந்தப் பக்கம் என்று ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் படத்துக்கு வழிவிடுகிறேன். குறிப்புத்தாளின் மேல்மூலையில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முதலில் எழுதுவது 'குசினி' என்ற சொல்லை. அதற்குக் கீழேதான் வீரர்களின் பெயர்கள்.