ஸ்கோர்போர்ட்டில் நின்ற பெடியன்

நம் பழைய மாணவர் சங்க மலர்க்குழுவில் இருக்கிற தம்பி போன மாதமே சொல்லிவிட்டார், "அண்ணை, பள்ளிக்கூட நினைவு ஒன்று எழுதித் தாங்கோ, இரண்டு பக்கம் காணும்" என்று. விடுதிச் சாப்பாடு பற்றியோ கிளித்தட்டுப் போட்டி பற்றியோ எழுதலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் இன்றைக்கு, 2022 ஒக்ரோபர் 3, தொழிலாளர் தின விடுமுறை, விடியக்காலையில் தேத்தண்ணியோடு வந்து உட்கார்ந்தால் தலைக்குள் ஒன்றே ஒன்றுதான் நிற்கிறது. நேற்றிரவு றக்பி லீக் இறுதிப் போட்டியில் எங்கள் சிட்னி அணி பரமட்டா, பென்றித்திடம் தோற்றுவிட்டது. 28க்கு 12. அதை எழுதாமல் வேறெதையும் எழுத என்னால் முடியாது, எழுதினால் அது பள்ளிக்கூடத்தில்தான் போய் முடியும் என்றும் தெரிகிறது, அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் சங்கத்தில் பலருக்கு றக்பி லீக் பிடிக்காது. ஒன்றுகூடலில் கிரிக்கெட் கதைத்தால் பத்துப் பேர் கூடுவார்கள், நான் பரமட்டா என்று வாயைத் திறந்தால் "உந்த முரட்டு விளையாட்டில என்ன கிடக்கு?" என்பார்கள். நான் 1987இல் சிட்னிக்கு வந்து இறங்கியபோது எனக்கும் ஒன்றும் விளங்கவில்லைதான். கண்டியிலும் கொழும்பிலும் பள்ளிக்கூடங்கள் விளையாடுகிற றக்பி பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன், அது பதினைந்து பேர் ஆடுவது, இது பதின்மூன்று பேர். நான் வேலைக்குச் சேர்ந்த தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்த வயதான வெள்ளைக்காரர் ஒருவர் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தேநீர்க் கோப்பைகளை மேசையில் அடுக்கி வைத்து எனக்குச் சொல்லித் தந்தார். ஆறு தரம் உன்னைப் பிடித்து விழுத்தலாம், அதற்குள் அந்தக் கோட்டைத் தாண்டிப் பந்தை நிலத்தில் வை, அதுதான் ட்ரை, நாலு புள்ளி, அப்புறம் கம்பத்துக்கு மேலால் உதைத்தால் இன்னும் இரண்டு. முன்னால் எறியக்கூடாது, பின்னால்தான் கொடுக்கவேண்டும். அவர் கோப்பைகளை நகர்த்த நகர்த்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது எங்கள் கிளித்தட்டும் சடுகுடுவும் சேர்ந்த சாமான். மறிக்கிறவனை ஏய்த்துக் கோடு தாண்டுவது, பிடிபட்டாலும் இழுத்துக்கொண்டு இன்னும் இரண்டு முழம் போவது. அன்றைக்கே பிடித்துக்கொண்டது.

அப்போது எல்லாரும் முந்தின வருஷத்தைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார்கள். 1986 இறுதிப் போட்டியில் பரமட்டா கன்ரபெரியை 4க்கு 2 என்று வென்றது. இரண்டு பக்கமும் ஒரு ட்ரைகூட இல்லை, மிக் குரோனின் உதைத்த இரண்டு பெனால்டிதான் அந்த நாலு புள்ளி. அவரும் கப்டன் ரே பிறைஸும் அந்த மட்ச்சோடு ஓய்வு பெற்றார்கள். 1981, 82, 83, பிறகு 86, ஆறு வருஷத்தில் நாலு கப். மேற்பார்வையாளர் சொன்னார், கவலைப்படாதே, நீ ஒரு வருஷம் பிந்தி வந்துவிட்டாய், அடுத்த முறை உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று. அவர் போய்ச் சேர்ந்து பதினைந்து வருஷமாகிறது. அவர் தந்த நீலமும் மஞ்சளுமான கம்பளிச் சால்வையைத்தான் நேற்றும் கழுத்தில் சுற்றிக்கொண்டு போனேன். அடுத்த முறை இன்னும் வரவில்லை.

வராமல் போன கதையை முழுக்க எழுத இந்த மலர் போதாது. 1998இல் பதினொரு நிமிஷம் இருக்கையில் 18க்கு 2 என்று முன்னுக்கு நின்று, அதே கன்ரபெரி புல்டோக்ஸிடம் மேலதிக நேரத்தில் 32க்கு 20 என்று தோற்றோம். 2001இல் அந்த வருஷத்திலேயே பெரிய அணி நாங்கள், இறுதிப் போட்டியில் நியூகாசில் இடைவேளைக்கே 24க்கு 0 அடித்துவிட்டது, கடைசியில் 30க்கு 24. 2009இல் எட்டாம் இடத்திலிருந்து ஜரிட் ஹெய்னின் ஓட்டத்தில் இறுதிவரை வந்து மெல்பேர்ணிடம் 23க்கு 16. மெல்பேர்ண் சம்பள வரம்பை மீறியது என்று அடுத்த வருஷம் அந்தக் கப்பைப் பறித்தார்கள், ஆனால் அது எங்களுக்கும் வரவில்லை, ஒருவருக்கும் கொடுபடவில்லை. அந்த 2009 இறுதிப் போட்டியை நான் பார்க்கவில்லை. மே மாதத்துக்குப் பிறகு எதையும் பார்க்கிற மனம் எங்கள் வீட்டில் இருக்கவில்லை. ஏன் என்று நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அடுத்த நாள் வேலையிடத்தில் ஒருவர் என் தோளைத் தட்டி "நல்லாத்தான் ஆடினோம்" என்று சொன்னபோதுதான் மட்ச் நடந்ததே ஞாபகம் வந்தது. அதன் பிறகு 2012, 2013, 2018, மூன்று வருஷம் அட்டவணையில் கடைசி இடம்.

அதனால் இந்த வருஷம் நம்பிக்கை வைக்கவே பயமாக இருந்தது. ஆனால் வைத்துவிட்டோம். பென்றித்தை இந்த வருஷம் இரண்டு தரம் வென்றோம், 22க்கு 20, பிறகு 34க்கு 10. இறுதிச் சுற்று தொடங்கியதும் அவர்கள் 27க்கு 8 என்று திருப்பிக் கொடுத்தார்கள்தான், ஆனால் நாங்கள் கன்பராவை 40க்கு 4 அடித்து, ரவுன்ஸ்வில் வரைக்கும் போய், அந்த ஊர்க்காரர்களுக்கு முன்னாலேயே கௌபோய்ஸை 24க்கு 20 என்று வென்றோம். அந்த இரவு வென்ற்வேர்த்வில்லில் எங்கள் தெருவில் கார்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயின. இரண்டும் மேற்குச் சிட்னி அணிகள், இரண்டும் ஒன்றையொன்று இறுதிப் போட்டியில் சந்திப்பது இதுவே முதல் தரம். இன்னொன்றும் இருந்தது: எங்கள் ஆட்டக்காரர் பப்பலீ, மஹோனி, நியுகோர் மூவரும் இந்த வருஷத்தோடு வேறு அணிகளுக்குப் போகிறார்கள். இந்தக் கூட்டம் சேர்ந்து ஆடுகிற கடைசி மட்ச் இதுதான் என்று எல்லாருக்கும் தெரியும்.

மகளும் நானும் மத்தியானமே வெளிக்கிட்டோம். லிட்கம்பில் ரயில் மாறி ஒலிம்பிக் பார்க்கில் இறங்கினால் ஒரு பக்கம் நீலமும் மஞ்சளும், மறுபக்கம் கறுப்பு. 82,415 பேர் என்று பிறகு திரையில் போட்டார்கள். முதலில் பெண்கள் இறுதிப் போட்டி, அதிலும் பரமட்டா, அதிலும் தோல்வி, நியூகாசிலுக்கு 32க்கு 12. மகள் அதற்கே அழுதுவிட்டாள். சின்ன வயதில் அவளுக்கு இந்த விளையாட்டை விளையாட இடமில்லை, பார்க்கத்தான் இடம் இருந்தது. இப்போது எங்கள் அணியில் பெண்கள் இறுதிப் போட்டி வரை வந்து நிற்கிறார்கள் என்பது அவளுக்கு வேறு விதமான விஷயம், அதை நான் நேற்றுத்தான் சரியாக விளங்கிக்கொண்டேன்.

பெரிய மட்ச் தொடங்கியபோது இருட்டிவிட்டது. அப்புறம் நடந்ததைச் சொல்ல நிறைய இல்லை. எங்கள் ஆட்டம் பெரிய ஆட்கள் மோதிப் பாய்ந்து, விழும்போது கையை விடுவித்துப் பந்தைப் பக்கத்தில் வருகிறவனுக்குக் கொடுக்கிற ஆட்டம். அதற்கு மைதானத்தின் நடுவிலாவது பந்து கையில் வரவேண்டும். நேதன் கிளியரி எங்களை அங்கே வரவிடவில்லை. ஒவ்வொரு தரமும் வானத்துக்கு உயர்த்தி, மூலைக்கு மூலை உதைத்துவிட, நாங்கள் எங்கள் கோட்டடியிலிருந்தே தொடங்கவேண்டி வந்தது, ஆறு தரம் விழுந்து எழும்பினாலும் பாதி மைதானம்கூடத் தாண்டவில்லை. களைத்துப்போனார்கள். இடைவேளைக்கு 18க்கு 0. பிரையன் தொஓ மட்டும் இரண்டு ட்ரை.

ஒரு காட்சி கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. இரண்டாவது பாதியில் பெய்லி சிமன்ஸன் பந்தோடு மூலையை நோக்கி ஓடினார். எங்கள் பகுதி முழுக்க எழும்பிவிட்டது. எனக்கு முன்னால் இருந்த தகப்பன் மகனைத் தோளில் தூக்கிவிட்டார். டிலன் எட்வேர்ட்ஸ் எங்கிருந்து வந்தார் என்று தெரியாது, கோட்டுக்கு அருகில் வைத்துத் தடுத்துவிட்டார். அந்தச் சத்தம் ஒரேயடியாக நின்றது. தகப்பன் பிள்ளையை மெதுவாக இறக்கிக் கதிரையில் இருத்தி, அவன் தொப்பியைச் சரிசெய்துவிட்டார். ஆட்ட நாயகன் பதக்கம் எட்வேர்ட்ஸுக்குத்தான் கொடுத்தார்கள், நியாயமான முடிவு.

28க்கு 0 ஆனதும் நீலமும் மஞ்சளும் எழும்பிப் போகத் தொடங்கியது. நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன், ரயிலில் சனம், சிலருக்குக் குழந்தைகள். மகள் என் முகத்தைப் பார்த்தாள், "அப்பா, போவமா?" என்று கேட்டாள். நான் மேலே பெரிய திரையில் இருந்த அந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இரு பிள்ளை" என்றேன். கடைசி நிமிஷங்களில் கப்டன் கதர்சன் ஒன்று, பயிற்சியாளரின் மகன் ஜேக்கப் ஆர்தர் ஒன்று, இரண்டு ட்ரை வந்தன. மட்ச்சை அவை மாற்றவில்லை. மாற்றும் என்று நான் இருக்கவும் இல்லை.

ஏன் இருந்தேன் என்று மகள் ரயிலில் கேட்டாள். அப்போதுதான் அவளுக்கு 1979ஐச் சொன்னேன்.

நம் பள்ளிக்கூட மைதானத்தின் கிழக்கு மூலையில், வேப்பமரத்தடியில் இருந்த அந்த ஸ்கோர்போர்ட் உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கறுப்புத் தார் பூசின பலகை, அதில் ஆணிகள், தகரத் தட்டுகளில் வெள்ளைப் பெயின்ரில் எழுதின எண்கள். நான் ரீமில் விளையாடுகிற அளவுக்கு இருந்ததில்லை. பத்தாம் வகுப்பில் எனக்குக் கிடைத்த வேலை, இன்னொரு பெடியனோடு சேர்ந்து தட்டு மாட்டுவது. பங்குனி வெயிலில் அந்தத் தகரம் கையைச் சுடும், நாங்கள் வாழையிலைத் துண்டு வைத்துப் பிடிப்போம். 6க்கும் 9க்கும் ஒரே தட்டு, தலைகீழாகத் திருப்பி மாட்டினால் சரி. அப்படி இரண்டே இரண்டு தட்டுத்தான் இருந்தன.

அந்த வருஷத்து மட்ச்சில் எதிரணி 269 எடுத்தது. நாங்கள் முதல் இன்னிங்ஸில் 94. திரும்ப ஆடச் சொன்னார்கள். சனிக்கிழமை பின்னேரம் இரண்டாவது இன்னிங்ஸ் 66க்கு 8 என்று நின்றது. ஒன்பதாவது விக்கெட் விழுந்தது, ஓட்டம் அதே 66. எங்களிடம் 9 இல்லை! இரண்டு தட்டும் 66க்குப் போய்விட்டன. எதிரணிப் பெடியள் "போர்டைப் பார், போர்டைப் பார்" என்று கத்த, பலகையிலேயே சோக்கட்டியால் 9 என்று எழுதினோம். கொஞ்ச நேரத்தில் பத்தாவதும் விழுந்தது. 66 ஓல் அவுட். ஒரு இன்னிங்ஸும் 109 ஓட்டமும்.

நாங்கள் இருவரும் ஓடிப்போய்த் தட்டுகளைக் கழற்றத் தொடங்கினோம். யாரும் பார்க்குமுன் பலகை வெறுமையாக வேண்டும் என்ற அவசரம். ஒரு தட்டு கையில் வந்துவிட்டது. பின்னால் கிரிக்கெட் மாஸ்டர் நின்றார். நான் அடி விழும் என்று நினைத்தேன், ஏன் என்றும் தெரியாது. அவர் என் கையிலிருந்து அந்த 6ஐ வாங்கி, எட்டி, திரும்ப அதே ஆணியில் மாட்டினார். "விடுங்கோடா. எங்கட ஸ்கோர்தானே. நிக்கட்டும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோற்ற பெடியளிடம் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனவர்கள் எல்லாரும் வேலிக்கு மேலால் அதைப் பார்த்தார்கள். திங்கட்கிழமை காலை முழுப் பள்ளிக்கூடமும் அதற்கு முன்னால்தான் வரிசையில் நின்றது. கப்டன் அண்ணை பலகையை நிமிர்ந்து பார்த்தபடியே தேவாரம் பாடினார், குனியவில்லை. முதலாவது இடைவேளையில்தான் மாஸ்டர் ஆள் அனுப்பிக் கழற்றச் சொன்னார். சோக்கால் எழுதின 9 பனியில் கொஞ்சம் கரைந்து இருந்தது, நான் உள்ளங்கையால் துடைத்தேன்.

நேற்று ஹூட்டர் அடித்த பிறகும் மகளும் நானும் கன நேரம் இருந்தோம். பென்றித் பெடியள் கப்பைத் தூக்கினார்கள், கறுப்பு மட்டும் மிஞ்சின மைதானத்தில் அங்கங்கே எங்கள் சால்வைகள். மேலே 28, 12. அணைக்கும் வரை பார்த்துவிட்டுத்தான் எழும்பினோம்.

2012இல் ஊருக்குப் போனபோது அந்தப் பலகை இல்லை, வேப்பமரமும் இல்லை. அந்த இடத்தில் சீமெந்தால் புதிதாக ஒன்று கட்டியிருந்தார்கள், நல்ல கட்டடம். தகரத் தட்டுகள் எங்கே போயின என்று கேட்கக்கூட அங்கே ஆளில்லை. என்னோடு தட்டு மாட்டினவனை 1983க்குப் பிறகு நான் காணவில்லை. இந்த மலர் லண்டனுக்கும் ரொறொன்ரோவுக்கும் போகிறது, அதனால் கேட்கிறேன், 1979 மட்ச்சில் மூன்றாவது தட்டு இல்லாமல் நின்ற மற்றவன் இதை வாசித்தால் மலர்க்குழுவுக்கு ஒரு வரி எழுதட்டும். அந்த 9ஐ எழுதியது நான் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன், மகளுக்கும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது ஞாபகம் வந்தது, சோக்கட்டி இருந்தது அவனுடைய காற்சட்டைப் பையில்.