வெக்கை, அசுரன், அப்புறம் என் இடுபணி

ஏப்ரல் 10, 2025, வியாழன்

இலக்கியமும் திரைப்படமும் பாடத்துக்கு இன்றுதான் இடுபணி கொடுத்தார்கள், ஒரு நாவலையும் அதிலிருந்து எடுத்த படத்தையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுத வேண்டும். படம் பார்த்தே புள்ளி வாங்கிவிடலாம் என்று பாதிப் பேர் இதில் சேர்ந்திருக்கிறோம், அதில் ஒளிக்க என்ன இருக்கிறது. பொன்னியின் செல்வன் படம் பார்த்தவர்கள் யார் என்று பாடம் நடத்தும் டாக்டர் கேட்டார், எல்லாக் கையும் மேலே. ஐந்து பாகமும் படித்தவர்கள்? பின்வரிசையில் ஒரே ஒரு அக்கா. கல்கி ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவனைக் குதிரையில் மெதுவாக நடத்திக் கதையை ஆரம்பிக்கிறார், 2022-இல் மணிரத்னம் ஆதித்த கரிகாலனின் போரிலிருந்து ஆரம்பித்தார், ஏன் என்று யோசித்து வாருங்கள், 'நேரம் பத்தாது' என்ற பதிலை மட்டும் கொண்டு வராதீர்கள் என்றார்.

ஏப்ரல் 19, சனி

பூமணியின் வெக்கையை எடுத்திருக்கிறேன். நூலகத்தில் கண்ணில் பட்டதில் அதுதான் மெலிசு. கோலாலம்பூர் கேஎல் சென்ட்ரலிலிருந்து கிள்ளான் வீட்டுக்குப் போகும் கொமுட்டர் ரயிலில், ஏர்கோன் பல்லைக் கிட்ட வைக்க, கரிசல் காட்டு வெயிலைப் படித்துக்கொண்டு போனேன். ஷா ஆலம் தாண்டியதே தெரியவில்லை. 15 வயது சிதம்பரம், அண்ணனைக் கொன்றவனின் கையை வெட்டத்தான் நினைக்கிறான், ஆனால் ஆளே செத்துப்போய்விடுகிறான். அப்புறம் அய்யாவும் மகனும் காட்டில் ஒளிந்து திரிவதுதான் முழு நாவலும். எங்கே படுப்பது, எதைப் பறித்துத் தின்பது, எப்போது அடுத்த இடத்துக்கு நகர்வது, பக்கம் பக்கமாக இதுதான், ஆனால் கீழே வைக்க முடியவில்லை.

இரவு பாட்டியிடம் கதையைச் சொன்னேன். கொலையைப் பற்றிப் பாட்டி ஒன்றும் கேட்கவில்லை. "அந்தப் பிள்ளைக்கு சாப்பாடு யாரு கொடுத்தா?" என்றுதான் கேட்டார்.

மே 4, ஞாயிறு

வாடகை வீட்டுப் பையன்களோடு, வெக்கையிலிருந்து எடுத்த அசுரன் படத்தை மறுபடியும் பார்த்தேன். நான் நிறுத்தி நிறுத்திக் குறிப்பு எழுத, "டேய், சண்டை முடியட்டும்லா, அப்புறம் நிறுத்து" என்று ரிமோட்டைப் பிடுங்கிவிட்டார்கள். 1982-இல் வந்த நாவல் பையனை ஒட்டியே போகிறது, 2019-இல் வெற்றிமாறன் கதையைத் தூக்கி அப்பா தோளில் வைத்துவிட்டார். தனுஷ் இருக்கும்போது வேறு என்ன செய்ய முடியும்? அடங்கிப் போகும் மனிதர் திடீரென்று அடிக்க வேண்டுமென்றால் அவருக்கு ஒரு பழைய காயம் வேண்டும், அதனால் குடிசைகள் எரியும் அந்த இளமைக்கால ஃபிளாஷ்பேக். நாவலில் அது கிடையாது. 1968-இல் கூலித் தொழிலாளர் குடும்பங்களைக் குடிசைக்குள் வைத்து எரித்த கீழ்வெண்மணி தெரிந்தவர்களுக்கு அந்தத் தீ எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் படிப்பைப் பற்றி அப்பா மகனிடம் பேசுவதும் படத்தில் சேர்த்ததுதான், தியேட்டரில் கைதட்டல் வாங்கிய இடம், எனக்குக் கொஞ்சம் பிரசங்கமாகத்தான் படுகிறது.

பாட்டி கேட்டதையே கட்டுரைக்கு அச்சாணி ஆக்கிவிட்டேன். நாவலில் அய்யா மகனுக்குச் சோறு தேடும் ஆள், படத்தில் மகனுக்காகச் சண்டை போடும் ஆள். இரண்டும் பாசம்தான். ஆனால் திரையில் இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிகிறது, முதலாவதுக்கு மெனக்கெட்டு உட்கார்ந்து பார்க்கிற பொறுமை வேண்டும்.

மே 21, புதன்

வகுப்பில் கட்டுரையைப் படைத்தேன். அப்படியென்றால் படம் நாவலைக் கெடுத்துவிட்டதா என்று அந்தப் பின்வரிசை அக்கா கேட்டார். இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தே உதிரிப்பூக்களைக் கையில் வைத்திருந்தேன். 1979-இல் மகேந்திரன் புதுமைப்பித்தனின் சிற்றன்னையிலிருந்து எடுத்த படம், ஆனால் மூலத்திலிருந்து விலகி எங்கேயோ போய்விடுகிறது, அதற்காக அதை யாராவது குறை சொல்கிறார்களா? எவ்வளவு மாற்றினார்கள் என்பதை விட்டுவிட்டு, மாற்றியதால் யார் பக்கம் கதை சாய்ந்தது என்று பார்ப்போம் என்றேன். அக்கா தலையாட்டினார், ஒப்புக்கொண்டாரா என்று கேட்டால் இல்லை.

ஜூன் 5, வியாழன்

கட்டுரைக்கு ஏ கிரேட்! பாட்டி கேள்வி வந்த பத்தியின் ஓரத்தில் 'இதையே இன்னும் நீட்டியிருக்கலாம்' என்று டாக்டர் எழுதியிருக்கிறார். மாமாக் சாப்பாட்டுக் கடையில் எல்லாருக்கும் ரொட்டி சானாயும் தே ஆயிஸும் என் கணக்கில். பாட்டிக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன், "சரி சரி, நீ பசியாறிட்டியா?" என்றார்.

இறுதித் தேர்வுக்கு விசாரணை படமும், அது பிறந்த மு.சந்திரகுமாரின் லாக்கப் நாவலும். நூலகத்துப் பிரதியை யாரோ ஏற்கெனவே இரவல் வாங்கிவிட்டார்கள், அந்த அக்காவாகத்தான் இருக்கும், நாளைக்குக் கேட்டுப் பார்க்க வேண்டும்.