டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி

"இவருக்கு இருப்பது நாள்பட்ட போலிக் குடல் அடைப்பு, எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து வயிற்றைத் திறக்க வேண்டாம்." டிஸ்சார்ஜ் சம்மரியில், மருந்துப் பட்டியலுக்கு மேலே, நான் எழுதிய வரி இது. குடலின் வழி எங்கும் அடைபடாமலே, அடைபட்டதுபோல் எல்லா அறிகுறிகளும் தோன்றும் நோய்தான் போலிக் குடல் அடைப்பு. அதைப் படித்த அறுவை சிகிச்சை நிபுணர், "அடுத்த முறை உண்மையாகவே குடல் முறுக்கிக்கொண்டால், இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் இதை நம்பிக் காத்திருப்பாரே, அதற்கு யார் பொறுப்பு?" என்று கேட்டார். "தேவையில்லாமல் திறந்ததற்கு யார் பொறுப்பு என்று இதுவரை எவரும் கேட்கவில்லையே" என்றேன். வாதத்துக்கு அது நல்ல பதில்தான். அதற்கு மேல் அதற்கு மதிப்பு உண்டா என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லை.

ஏற்கெனவே இரண்டு முறை இந்த நோயாளியின் வயிறு திறக்கப்பட்டு, இரண்டு முறையும் வீங்கிய குடலைத் தவிர எதுவும் அகப்படவில்லை. வாந்தி, பொருமல், எக்ஸ்ரேயில் காற்றும் நீரும் மட்டம் கட்டி நிற்கும் குடல் வளையங்கள் என எல்லாமே அடைப்பைத்தான் காட்டின என்பதால், முன்பு திறந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சி.டி. ஸ்கேனில் விரிந்த குடல் எந்த இடத்திலும் சட்டென்று குறுகவில்லை; அதாவது அடைப்பு என்று காட்ட ஓர் இடம் இல்லை. குடலுக்குள் அழுத்தத்தை அளக்கும் மனோமெட்ரி சோதனையில் சுருக்கங்கள் வரிசை தவறாமல் வந்தாலும் வலுவின்றி இருந்தன. எனவே கோளாறு நரம்பில் அல்ல, தசையில் என்று முடிவு செய்தேன். இந்நிலையை உண்டாக்கக்கூடிய ஸ்க்ளெரோடெர்மா (தோலும் உள்ளுறுப்புகளும் இறுகும் நோய்), தைராய்டுக் குறைவு, நுரையீரல் புற்றுநோயோடு வரும் ஆன்டிபாடி ஆகியவற்றுக்கான சோதனைகளிலும் எதுவும் தென்படவில்லை.

ஆனால் மிகவும் விரிந்த குடலில், சுவர்கள் ஒன்றையொன்று தொடாதபோது, நல்ல தசையின் அழுத்தமும் குறைவாகவே பதிவாகும். முந்தைய அறுவைகள் விட்டுச்சென்ற ஒட்டுதல்களோ (குடலை ஒன்றோடொன்று பிணைக்கும் தழும்புத் திசுக்கள்) எந்நேரமும் மெய்யான அடைப்பை உண்டாக்கக்கூடியவை. இன்னொரு அறுவை அந்த ஒட்டுதல்களைக் கூட்டும் என்பது என் வாதம். இருக்கும் ஒட்டுதல்களே ஆபத்துக்குப் போதும் என்பது அறுவை சிகிச்சை நிபுணரின் வாதம். இரண்டும் ஒரே உண்மையிலிருந்து கிளம்புபவை.

சிகிச்சையின் பலனே நோயை உறுதி செய்துவிடும் என்று ஒரு கட்டத்தில் நம்பினேன். ஓபியாய்டு மருந்துகள் குடலை மேலும் மந்தமாக்கும் என்பதால், வலிக்காகக் கொடுத்துவந்த டிரமடாலை நிறுத்தினோம். குடல் அசைவைத் தூண்டப் பைரிடோஸ்டிக்மினையும், அதற்காகவே தூங்கப்போகும் முன் தோலுக்கடியில் 50 மைக்ரோகிராம் ஆக்ட்ரியோடைடையும், குடலில் பெருகிய பாக்டீரியாவுக்கு ரிஃபாக்ஸிமினையும் தொடங்கி, கொழுப்பும் நாரும் குறைந்த உணவைச் சிறிது சிறிதாகக் கொடுத்தோம். பொருமல் தணிந்தது; எடை ஏறாததால் இரவில் சிரைவழி ஊட்டம் தொடர்கிறது. டிரமடாலை நிறுத்தியதே முழுக் காரணமாகவும் இருக்கலாம் என்பதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. "வழி திறந்திருக்கிறது என்கிறீர்களே டாக்டர், பிறகு ஏன் எதுவும் கீழே இறங்கவில்லை?" என்று நோயாளி கேட்டபோது, தள்ளும் தசைக்குப் பலம் இல்லை என்று தயங்காமல் விளக்கினேன். அந்த உறுதி அவருக்குத் தேவைப்பட்டது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

காய்ச்சல், இறங்காத நாடித் துடிப்பு, தொட்டால் விறைக்கும் வயிறு, இரத்தத்தில் ஏறும் லாக்டேட் (திசுவுக்கு இரத்த ஓட்டம் குறைவதைக் காட்டக்கூடிய அளவு) ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே அறுவை சிகிச்சை நிபுணரை அழைக்கவும் என்று பிறகு அந்த வரிக்குக் கீழே சேர்த்தேன். "இவை தெரியும் நேரத்தில் குடல் அழுகிக் கறுத்திருக்கும்" என்றார் அந்த நிபுணர். அப்படியானால் மேலே உள்ள வரியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "வேண்டாம், அது இல்லாமல் அந்த எக்ஸ்ரே என் கைக்கு வந்தால் நானே திறந்துவிடுவேன்" என்றார்.